கரிகாலனுக்குப் பின்னால் அழுதவர்கள்

*‘பொன்னியின் செல்வன்’ படத்தில் கடம்பூர் இரவைப் பார்த்துக் கலங்காதவர்கள் குறைவு. அந்த இரவுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்களின் கதை விருத்தாசலத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கல்லில் இருக்கிறது.*

கடம்பூர் மாளிகை. இரவு. சதிகாரர்கள் மறைந்து காத்திருக்க, ஆதித்த கரிகாலன் தன்னந்தனியாக அந்த அறைக்குள் நுழைகிறான். உள்ளே நந்தினி. அவனைக் கொல்லச் சபதம் எடுத்தவளும் அவள்தான், அவன் செத்துவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் பதறுகிறவளும் அவள்தான். பேசப் பேச, பழுவூர் இளைய ராணி என்ற பட்டமும் சோழப் பட்டத்து இளவரசன் என்ற பட்டமும் கழன்று விழுகின்றன. ஒருவரையொருவர் விரும்பிய பையனும் பெண்ணும் மட்டும் மிஞ்சுகிறார்கள். அதன் பிறகு கத்தி யார் கையில் இருந்தது என்ற கேள்வியே இரண்டாம்பட்சம். சாவைத் தேடி வந்தவன் அவன்.

2023 ஏப்ரல் 28 அன்று வெளியான ‘பொன்னியின் செல்வன் 2’ படத்தில் விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் நடித்த காட்சி இது. நாவலைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படத்தில் நூறு குறை கண்டவர்கள்கூட இந்த அறையை மட்டும் விட்டுவிடுவார்கள். சரித்திரக் காதல் படம் பார்க்கப் போகிறவர்களுக்கு முடிவு தெரியும். தெரிந்தும் அழுகிறோம்.

அழுதுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கேள்வி எழவேண்டும். கரிகாலன் போய்விட்டான். அவனைப் பெற்றவர்கள், உடன் பிறந்தவர்கள், அந்த வீட்டில் எஞ்சியிருந்த கிழவி எல்லாரும் என்ன ஆனார்கள்? இழப்பின் நொடியைக் காட்டுவதில் சினிமாவை மிஞ்ச ஆளில்லை. இழப்புக்குப் பிறகு கிடக்கும் வருடங்களுக்கு அதில் இடமிருப்பதில்லை. அந்த வருடங்களைத் தேடித்தான் கடலூர் மாவட்டத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

ஊர் நிஜம், அறை கற்பனை

கடம்பூர் கற்பனை ஊர் இல்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்து மேலக்கடம்பூர் இருக்கிறது. தேர் வடிவில் அமைந்த அமிர்தகடேசுவரர் கோயிலால் பேர்பெற்ற ஊர். கல்கியின் நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரிதான் இன்று சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் வீராணம். நாவலின் நாயகன் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில் குதிரையில் வந்து, அன்றிரவு கடம்பூர் சம்புவரையர் மாளிகையில் தங்கும் அந்த முதல் அத்தியாயங்கள் முழுக்கவே இந்த மாவட்டத்தில் நடக்கின்றன.

ஆனால் கரிகாலன் எங்கே, எப்படிக் கொல்லப்பட்டான் என்று எந்தச் சாசனமும் சொல்லவில்லை. கடம்பூரைத் தேர்ந்தெடுத்தவர் கல்கி. நந்தினியும் அவருடைய படைப்பு. வரலாறு தந்தது இவ்வளவுதான்: சுந்தர சோழரின் மூத்த மகன், பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையைக் கொண்டவன் என்று பெருமைப்பட்ட வீரன், 970ஆம் ஆண்டையொட்டிக் கொலையுண்டான். ஏன் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் கல்கி ஒரு பெண்ணை நிறுத்தினார். அரசியல் கொலை காதல் கதையானது அப்படித்தான்.

மணிரத்னம் இன்னும் ஒரு படி போனார். இரண்டாம் பாகத்தை இளம் கரிகாலன், இளம் நந்தினி காதலிலிருந்தே தொடங்கினார். கோயிலை அண்டி வளர்ந்த, யார் எவர் என்று தெரியாத பெண் பட்டத்து இளவரசனுக்கு ஆகாது என்று அரண்மனை முடிவு செய்கிறது. அவள் அகற்றப்படுகிறாள். பின்னால் அவள் கெஞ்சக் கெஞ்ச வீரபாண்டியனைக் கரிகாலன் வெட்டுகிறான். முதல் பாகத்தில் போரும் கள்ளும் வெறியுமாக அலைந்தவனை நாம் பார்த்ததற்கெல்லாம் காரணம் இங்கேதான் புரிகிறது. கடம்பூர் இரவு அந்தப் பழைய பிரிவின் கடைசிக் காட்சி.

---

பெட்டிச் செய்தி: நாவலும் படமும்

▪ கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவல். ஐந்து பாகங்கள். ஓவியம் மணியம். தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று கல்கி மறைந்தார்.

▪ படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வெளியானது. இசை ஏ.ஆர்.ரஹ்மான், ஒளிப்பதிவு ரவி வர்மன், வசனம் ஜெயமோகன், கலை தோட்டா தரணி.

▪ 70ஆவது தேசிய திரைப்பட விருதுகளில் முதல் பாகம் நான்கு விருதுகள் பெற்றது: சிறந்த தமிழ்ப் படம், பின்னணி இசை, ஒளிப்பதிவு, ஒலி வடிவமைப்பு.

▪ நந்தினி, ஊமை ராணி மந்தாகினி என்ற இரு வேடங்களிலும் ஐஸ்வர்யா ராய். இளம் நந்தினியாக சாரா அர்ஜுன்.

▪ நாவலில் உண்மையான மதுராந்தகன், பூமாலை கட்டும் சேந்தன் அமுதன். படத்தில் அந்த முடிச்சு இல்லை.

---

படத்தில் விழுந்தவை மூன்று

இரண்டாம் பாகத்தில் மூன்று இழப்புகள் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றும் ஒரே மாதிரி வலிப்பதில்லை.

கரிகாலனின் சாவில் பேச்சு அதிகம். இருவரும் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். அழுகைக்கு அவகாசம் கிடைக்கிறது.

நந்தினியின் தாயும் சுந்தர சோழரின் பழைய காதலியுமான மந்தாகினியின் சாவு நேர்மாறு. தஞ்சைக் கோட்டையில் சுந்தர சோழரைக் கொல்ல வந்தவனுக்கும் அவருக்கும் நடுவே புகுந்து அவள் உயிரை விடுகிறாள். வாய் பேசாதவள். தான் யார், இத்தனை வருடம் எங்கே இருந்தேன், உன்னை ஏன் விட்டுப் போனேன் என்று எதையும் சொல்ல முடியாமலே போகிறாள். கேள்வி முழுக்க சுந்தர சோழரிடம் தங்கிவிடுகிறது. மகளின் கதையில் காதலன் சாகிறான், தாயின் கதையில் காதலி சாகிறாள். இரண்டு பெண்களுக்கும் ஒரே முகத்தைக் கொடுத்ததன் பலன் இங்கே கிடைக்கிறது.

மூன்றாவது இழப்பைப் பலரும் கவனிப்பதில்லை. கால் செயலிழந்து கட்டிலில் கிடக்கும் சுந்தர சோழருக்கு மூத்த மகனின் சாவுச் செய்தி வந்து சேர்கிறது. பிரகாஷ் ராஜ் அதிகம் அசையாமல், அதிகம் பேசாமல் ஏற்ற வேடம். மகனை முந்தவிட்ட தகப்பனுக்கு நம் ஊரில் ஆறுதல் சொல்ல வருகிறவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் படம் அவசரத்தில் இருக்கிறது. படையெடுப்பு இருக்கிறது, முடிசூட்டு விழா இருக்கிறது. கரிகாலனின் தம்பி அருள்மொழி மகுடத்தைச் சிற்றப்பன் முறையான மதுராந்தகனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தகப்பனின் துக்கத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்.

விடுபட்ட கடம்பூர்ப் பெண்

படத்தில் இடமே கிடைக்காத ஒரு துக்கமும் உண்டு. கந்தன்மாறனின் தங்கை மணிமேகலை. சம்புவரையர் வீட்டுப் பெண். கடம்பூரின் சொந்த மகள். வந்தியத்தேவனை ஒருதலையாக விரும்பி, கரிகாலன் கொலைப்பழி அவன்மேல் விழுந்தபோது நானே கொன்றேன் என்று சொல்லவும் துணிந்தவள். அவள் மனம் பேதலித்து, கடைசியில் வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுவதோடுதான் கல்கி ஐந்து பாகத்தையும் முடிக்கிறார். ராஜ்ஜியம் யாருக்கு என்ற கேள்வி தீர்ந்த பிறகு, எந்த ராஜ்ஜியமும் கேட்காத ஒரு பெண்ணின் சாவில் நாவல் நிற்கிறது.

படம் அவளை எடுத்துவிட்டது. ஐந்து பாக நாவலை இரண்டு படத்துக்குள் அடக்கும்போது யாரையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். ஆனாலும் இதில் ஒரு இழப்பு இருக்கிறது. கல்கிக்குக் கரிகாலன் சாவு முடிவாக இல்லை. அந்தக் கொலை யார் யார் வாழ்க்கையைச் சிதைத்தது என்று கடைசிப் பக்கம்வரை அவர் கணக்கெடுத்தார். படமோ கொலையின் துயரத்தைக் காதலர் இருவருக்கே எழுதிக்கொடுத்துவிட்டது.

கொலைக்கு ஒரு நிலப் பத்திரம்

சைவ நாயன்மார் சுந்தரர் திருமுதுகுன்றத்து மணிமுத்தாற்றில் போட்ட பன்னிரண்டாயிரம் பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். திருமுதுகுன்றம் வேறெதுவும் இல்லை, இன்றைய விருத்தாசலம்தான். கரிகாலன் கொலையையும் அப்படித்தான் தேடவேண்டியிருக்கிறது. நடந்த இடம் தெரியாது. தடம் கிடைத்த இடம் தெரியும்.

காட்டுமன்னார்கோயிலின் பழைய பகுதியான உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் அருள்மொழி என்கிற ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பியது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லிச் சிலரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய சொத்துகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது.

ஒப்பாரி இல்லை, புகழுரை இல்லை. அண்ணனை இழந்த தம்பி அரியணை ஏறிய இரண்டாம் ஆண்டில் எழுதவைத்தது நிலக் கணக்கு. கொலை நடந்து ஏறக்குறைய பதினாறு வருடம் கழித்து. நடுவே உத்தம சோழன் என்ற பெயரில் மதுராந்தகன் ஆண்ட முழு ஆட்சியும் கடந்துபோயிருந்தது. அத்தனை வருடம் ஏன் நடவடிக்கை இல்லை என்ற கேள்வியிலிருந்துதான் உத்தம சோழன்மேல் சந்தேகம் பிறந்தது. இந்தக் கல்வெட்டை விரிவாக ஆராய்ந்த கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி அந்தச் சந்தேகத்தை எழுப்பினார். சதாசிவ பண்டாரத்தார் உள்ளிட்டோர் மறுத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

---

பெட்டிச் செய்தி: உடையார்குடிக் கல்வெட்டு சொல்வது

▪ குற்றவாளிகளாகச் சோமன், ரவிதாசன் என்கிற பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரன் என்கிற இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோர் பெயர்கள் வருகின்றன. படத்தில் கிஷோர் ஏற்ற ரவிதாசன் இந்தக் கல்லிலிருந்து எழுந்து வந்தவன்.

▪ தண்டனை அவர்களோடு நிற்கவில்லை. பிள்ளைகள், மனைவியர், தாய்மாமன்மார், பெண் கொடுத்தவர்கள், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள் என உறவு வட்டம் முழுக்கச் சொத்து போனது.

▪ பறிமுதலான நிலத்தைப் பின்னர் ஒருவர் பொன் கொடுத்து வாங்கி, தண்ணீர் வைக்கவும் பிராமணர்களுக்கு உணவளிக்கவும் அறக்கட்டளையாக எழுதிவைத்தார்.

---

அந்த உறவுப் பட்டியலைப் படிக்கும்போது இன்னொரு துக்கம் கண்ணில் படும். கொலையில் பங்கில்லாத எத்தனை வீடுகள், இன்னார் வீட்டில் பெண் எடுத்தோம் என்ற ஒரே காரணத்துக்காக நிலத்தையும் மனையையும் இழந்து நின்றிருக்கும்? வீரபாண்டியன் தலையை வெட்டிய கையின் கணக்கு, ரவிதாசனின் மைத்துனன் வீட்டு அடுப்புவரை வந்து சேர்ந்திருக்கிறது.

தீயில் புகுந்த தாய், சிலை வைத்த மகள்

சுந்தர சோழர் காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் இறந்தார். பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று கல்வெட்டுகள் அவரைக் குறிப்பதற்கு அதுவே காரணம். மகன் போன சில ஆண்டுகளுக்குள் தகப்பனும் போய்விட்டார். அவருடைய அரசி வானவன் மாதேவி உடன்கட்டை ஏறினாள். பால்குடி மறவாத குழந்தையைப் பிரிந்து தீயில் புகுந்தாள் என்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு பாடுகிறது. விருத்தாசலத்துக்கு வடமேற்கே, பெண்ணையாற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர்.

கல்வெட்டு அதைக் கற்பின் பெருமையாகச் சொல்கிறது. இன்று படிக்கிறவருக்குக் கண் போவது அந்தக் குழந்தையிடம். ஒரே குடும்பத்தில் அண்ணன் கொலை, அப்பா மரணம், அம்மா தீக்குளிப்பு. பிள்ளைகளில் குந்தவையும் அருள்மொழியும் மிஞ்சுகிறார்கள்.

குந்தவை என்ன செய்தாள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே சாட்சி. தம்பி எழுப்பிய கோயிலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செப்புப் படிமம் செய்துவைத்து, பூசைக்கும் நிவந்தம் எழுதினாள். தஞ்சையில் அப்பா பெயரால் அமைந்த ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனைக்கும் கொடை தந்தாள். படத்தில் திரிஷா ஏற்ற குந்தவை அரசியல் சூத்திரதாரி. கல்வெட்டில் தெரிகிறவளோ, பெற்றவர்களின் முகம் மறந்துபோகாமலிருக்க உலோகத்தில் வார்த்துவைத்த மகள்.

விருத்தாசலத்துக் கற்றளி

விருத்தாசலம் என்றதும் இன்று நினைவுக்கு வருவது ரயில் சந்திப்பும் பீங்கானும்தான். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில். ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை எனச் சூளையிலிருந்து இறங்கி ஊர் ஊராகப் போகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் இங்கே இருக்கிறது.

வெளியூர்க்காரர்கள் இந்த ஊருக்கு வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாவு. விருத்தகாசி என்று பெயர். காசியைவிட வீசம் அதிகம் என்பார்கள். இங்கே உயிர் விடுகிறவர்களை அம்மன் மடியில் கிடத்தி முந்தானையால் விசிற, சிவன் காதில் மந்திரம் ஓதுவார் என்பது நம்பிக்கை. மணிமுத்தாற்றில் அஸ்தி கரைக்கவும் திதி கொடுக்கவும் குடும்பங்கள் வந்தபடியே இருக்கின்றன.

துக்கம் சுமந்து வருகிறவர்கள் கும்பிடும் விருத்தகிரீசுவரர் கருவறையைக் கல்லால் கட்டியவள் ஒரு கைம்பெண். செம்பியன் மாதேவி. படத்தில் ஜெயசித்ரா ஏற்ற பெரிய பிராட்டி.

கணவர் கண்டராதித்தர் சிவ பக்தர். தில்லைக் கூத்தன்மேல் அவர் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. தக்கோலப் போரில் 949இல் அண்ணன் ராஜாதித்தர் யானைமேலேயே மடிந்ததால்தான் மகுடம் இவரிடம் வந்தது. 957ஆம் ஆண்டையொட்டி இவரும் போய்விட்டார். அப்போது மகன் சிறுவன். செம்பியன் மாதேவி தீயில் இறங்கவில்லை. 1001வரை அவருடைய கொடைகளைக் கல்வெட்டுகளில் பார்க்க முடிகிறது. நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட கைம்மை.

அந்த நாற்பது வருடத்தில் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டே இருந்தார். திருநல்லம் என்னும் கோனேரிராஜபுரம், திருக்கோடிகாவல், ஆடுதுறை, குத்தாலம், ஆனாங்கூர், திருவக்கரை, திருமுதுகுன்றம். கோனேரிராஜபுரத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. கண்டராதித்தர் சிவலிங்கத்தை வணங்கும் சிற்பமும் அங்கே உண்டு. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், 1290இல் மனைவி எலினார் இறந்தபோது, சடலம் தங்கிச் சென்ற ஊர்தோறும் சிலுவைத் தூண் நாட்டினார், மொத்தம் பன்னிரண்டு. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காவிரிக்கரையிலும் மணிமுத்தாற்றங்கரையிலும் ஒரு பெண், கணவரின் தெய்வத்துக்கு ஊர் ஊராக வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

அத்தனையும் துக்கத்தால் கட்டியவை என்று சொன்னால் அது மிகை. பக்தி இருந்தது, அரசியல் இருந்தது, கோயிலைச் சுற்றி நிலமும் வரியும் இருந்தன. ஆனால் அவர் கண்முன் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். கணவர் சாவு. மகனைத் தாண்டிக் கொழுந்தன் வழிக்குப் போன மகுடம். பேரன் முறையான கரிகாலனின் கொலை. சுந்தர சோழரின் மறைவு. வானவன் மாதேவி தீக்குளித்தது. சொந்த மகன் உத்தமன் அரசாண்டு 985இல் முடிந்துபோனது. மறுவருடமே கொலைகாரர்களின் சொத்துப் பறிமுதல். அத்தனைக்கும் பிறகும் கல் தச்சர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த கிழவி அவர்.

2003: பக்கத்து ஊர்

அரண்மனை வேண்டாம் என்று முடிவு செய்ததால் நந்தினி அகற்றப்பட்டாள். அதைச் சரித்திரக் கதை என்று நாம் அழுதுவிட்டு வந்துவிடலாம். விருத்தாசலத்தில் அது முடியாது.

2003 ஜூலையில், விருத்தாசலத்தை அடுத்த ஒரு கிராமத்தில், பொறியியல் படித்த தலித் இளைஞரும் அதே ஊரில் வேறு சாதியைச் சேர்ந்த பட்டதாரிப் பெண்ணும், ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட இரண்டு மாதத்தில், பெண்ணின் உறவினர்களால் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்க் காவல்துறை வழக்கைத் திரித்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அது மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் காவல் அதிகாரிகள் இருவரும் உண்டு. 2022இல் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது.

கொலைக்கும் முதல் தீர்ப்புக்கும் நடுவே பதினெட்டு வருடம். கரிகாலனுக்கு நியாயம் கிடைக்கத் தம்பி அரசனாக வேண்டியிருந்தது. இந்த இளைஞரின் வீட்டில் அரசர்கள் யாரும் இல்லை. வாய்தா வாய்தாவாக நீதிமன்றப் படி ஏறியவர்கள்தான் இருந்தார்கள். இந்தக் கதை என்றைக்காவது படமானால், கேமரா எங்கே நிற்கும்? கொலை நடந்த இடத்தில்தான் நிற்கும் என்று யாரும் சொல்லிவிடலாம். பதினெட்டு வருடத்தை எப்படிக் காட்டுவது என்பதுதான் கஷ்டமான கேள்வி.

எடுக்கப்படாத படம்

படத்துக்குப் பிறகு சோழர் தடம் தேடும் சுற்றுலாக்கள் பெருகின. பேருந்துகள் தஞ்சாவூர், பழையாறை, கங்கைகொண்ட சோழபுரம் என்று போகின்றன. அந்தப் பட்டியலில் உடையார்குடியையும் திருக்கோவலூரையும் விருத்தாசலத்தையும் சேர்த்தால், வெற்றிகளின் வரைபடத்தோடு இழப்புகளின் வரைபடமும் கையில் கிடைக்கும்.

கடம்பூர் அறையில் மணிரத்னம் செய்தது சின்ன வேலை இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கொலைக்கு இன்றைய பிள்ளைகளை அழவைத்தார். ஆனால் காதலுக்காகச் செத்தவர்களையே திரும்பத் திரும்பக் காவியமாக்கும் வழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. அம்பிகாபதி தொடங்கி இன்றுவரை, இழப்பென்றால் திரையில் அது சாவு. இழந்தபின் நாற்பது வருடம் வாழ்வதும் காதலின் இன்னொரு பகுதி என்று எந்த இயக்குநரும் நம்பிக் கேமராவைத் திருப்பவில்லை.

செம்பியன் மாதேவிக்கு இரண்டு பாகப் படத்தில் கிடைத்தவை சில காட்சிகள். இளமையில் கணவரை இழந்து, மகனைச் சந்தேகத்தின் நிழலில் வளர்த்து, பேரனைக் கொலைக்குக் கொடுத்து, மகனையும் அனுப்பிவைத்து, அதன் பிறகும் கட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கதை அது. தமிழின் மிகப் பெரிய சரித்திரக் காதல் படம் இன்னும் எடுக்கப்படவில்லை. அதன் நாயகிக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.